தனிம வரிசை அட்டவணையின் போக்குகளை மனப்பாடமின்றி வருவிப்பது எப்படி?

மேல்நிலை வகுப்பில் தனிம வரிசை அட்டவணையைப் படிக்கும் மாணவர்களில் பெரும்பாலோர் அம்புக்குறிகளையே மனத்தில் ஏற்றிக்கொள்கின்றனர். இடமிருந்து வலமாகச் சென்றால் அணு ஆரம் குறையும், அயனியாக்கும் ஆற்றல் (அணுவிலிருந்து ஓர் எலக்ட்ரானை நீக்கத் தேவைப்படும் ஆற்றல்) கூடும். மேலிருந்து கீழாக வந்தால் இரண்டும் தலைகீழாகும். இந்த அம்புகளில் தவறில்லை. ஆனால் தேர்வில் வரும் வினாவும் ஆய்வகத்தில் எழும் ஐயமும் பெரும்பாலும் அம்பு வளைகிற இடத்திலேதான் பிறக்கின்றன. மக்னீசியத்தைவிட அலுமினியத்திலிருந்து எலக்ட்ரானை நீக்குவது எளிதாக இருப்பது ஏன், ஒரு படி கீழே இருந்தும் காலியம் அலுமினியத்தைவிடச் சிறியதாக இருப்பது ஏன் என்பவற்றையெல்லாம் ‘விதிவிலக்குகள்’ என்று தனியே உருப்போட்டால், பாடம் முடிவதற்குள் விதிகளைவிட விதிவிலக்குகள் மிகுந்துவிடும்.

எந்த இரு தனிமங்களை ஒப்பிடும்போதும் இரண்டு கேள்விகளைக் கேட்டால் போதும் என்பதே இவ்வழிகாட்டியின் அடிப்படை. வெளிக்கூட்டு எலக்ட்ரானை அணுக்கரு உண்மையில் எவ்வளவு வலிமையாக இழுக்கிறது? அந்த எலக்ட்ரான் அணுக்கருவிலிருந்து எவ்வளவு தொலைவில் இருக்கிறது? போக்குகளும், விதிவிலக்குகள் எனப்படுபவையும் இவ்விரு கேள்விகளின் விடைகளிலிருந்தே பிறக்கின்றன.

இழுப்பு விசையைக் கணக்கிடுதல்

முதலில் எலக்ட்ரான் அமைப்பை எழுத வேண்டும். இதைத் தாவிச் செல்வதுதான் பிழைகளின் முதல் ஊற்று. சோடியத்தின் அமைப்பு 1எஸ்² 2எஸ்² 2பி⁶ 3எஸ்¹ ஆகும். அதன் அணுக்கருவில் 11 புரோட்டான்கள் இருப்பினும், வெளியே தனித்து நிற்கும் 3எஸ் எலக்ட்ரான் அந்த 11 அலகு மின்சுமையை முழுமையாக உணர்வதில்லை. உள்ளே இருக்கும் பத்து எலக்ட்ரான்களும் அணுக்கருவை ஓரளவு மறைக்கின்றன. மறைப்புக்குப் பின் எஞ்சுவதே செயலுறு அணுக்கரு மின்சுமை.

இதை மதிப்பிட அமெரிக்க இயற்பியலாளர் ஜான் ஸ்லேட்டர் 1930இல் எளிய விதிகளை வகுத்தார். எஸ் அல்லது பி ஆர்பிட்டாலில் (கூட்டினுள் எலக்ட்ரான் இருக்கும் இடப்பகுதியில்) உள்ள வெளிக்கூட்டு எலக்ட்ரானுக்கு, அதே கூட்டில் உள்ள மற்ற ஒவ்வோர் எலக்ட்ரானும் 0.35 அலகும், அதற்கு அடுத்த உட்கூட்டில் உள்ள ஒவ்வொன்றும் 0.85 அலகும், அதற்கும் உள்ளே உள்ள ஒவ்வொன்றும் முழுதாக 1 அலகும் மறைக்கின்றன. சோடியத்திற்கு இரண்டாம் கூட்டின் எட்டு எலக்ட்ரான்கள் 6.8 அலகும், முதற்கூட்டின் இரண்டு எலக்ட்ரான்கள் 2 அலகும் மறைப்பதால், மொத்த மறைப்பு 8.8; எஞ்சும் செயலுறு மின்சுமை 2.2.

இக்கணக்கை மூன்றாம் வரிசை (கிடைவரிசை) முழுவதற்கும் ஒருமுறை கையால் செய்து பார்ப்பது நல்லது. மக்னீசியத்திற்கு 2.85, அலுமினியத்திற்கு 3.5, சிலிக்கானுக்கு 4.15 என்று ஒவ்வொரு படியிலும் 0.65 கூடிக்கொண்டே சென்று, குளோரினில் 6.1ஐயும் ஆர்கானில் 6.75ஐயும் அடையும். ஒரு புரோட்டான் சேரும்போது இழுப்பு 1 அலகு கூடுகிறது. கூடவே சேரும் எலக்ட்ரான் அதே கூட்டில் அமர்வதால் 0.35 மட்டுமே மறைக்கிறது. வலப்புறம் செல்லச் செல்ல அணு சுருங்குவதற்கான காரணம் முழுவதும் இந்த 0.65இல் அடங்கியிருக்கிறது.

அடுத்து முதல் தொகுதியில் (செங்குத்து நிரலில்) கீழே இறங்கலாம். பொட்டாசியத்திற்குக் கணக்கிட்டால் மீண்டும் 2.2 கிடைக்கும். ருபீடியத்திற்கும் சீசியத்திற்கும் அதே 2.2 தான். புரோட்டான்கள் 11இலிருந்து 55ஆகப் பெருகியும், இவ்விதிகளின்படி வெளிக்கூட்டு எலக்ட்ரான் உணரும் இழுப்பு மாறவில்லை. மாறுவது தொலைவு: சோடியத்தின் உலோக ஆரம் 186 பிக்கோமீட்டர் (ஒரு பிக்கோமீட்டர் என்பது மீட்டரில் லட்சம் கோடியில் ஒரு பங்கு), பொட்டாசியத்திற்கு 227, ருபீடியத்திற்கு 248, சீசியத்திற்கு 265. ஆகவே வரிசையில் போக்கைத் தீர்மானிப்பது முதற்கேள்வி, தொகுதியில் தீர்மானிப்பது இரண்டாம் கேள்வி என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலான ஒப்பீடுகளில் வழி தவறாது.

உருவளவை ஒப்பிடும்போது

ஆரங்களின் பட்டியலைப் பயன்படுத்துமுன் அது எவ்வகை ஆரம் என்பதைப் பார்க்க வேண்டும். குளோரினுக்கு 99 பிக்கோமீட்டர் என்றும், அடுத்துள்ள ஆர்கானுக்கு 188 என்றும் ஒரே பட்டியலில் கண்டு, போக்கு உடைந்துவிட்டதாகக் குழம்புவோர் உண்டு. முதலாவது சகப்பிணைப்பு ஆரம். இரண்டாவது வான் டெர் வால்ஸ் ஆரம். பிணைப்பில் நெருங்கிய அணுவையும், பிணைப்பின்றித் தொட்டுக்கொண்டிருக்கும் அணுவையும் ஒரே அளவுகோலில் வைத்து ஒப்பிட இயலாது.

அயனிகளை ஒப்பிடுவது இதைவிட எளிது. எலக்ட்ரான் எண்ணிக்கை சமமாக இருந்தால் புரோட்டான்களை மட்டும் எண்ணினால் போதும். பத்து எலக்ட்ரான்களைக் கொண்ட அயனிகளில் ஆக்சைடு அயனியின் ஆரம் 140 பிக்கோமீட்டர், புளூரைடு 133, சோடியம் அயனி 102, மக்னீசியம் அயனி 72, அலுமினியம் அயனி 54. புரோட்டான்கள் 8இலிருந்து 13ஆக உயரும்போது, அதே பத்து எலக்ட்ரான்களும் அரைக்கும் குறைவான ஆரத்திற்குள் இழுக்கப்பட்டுவிடுகின்றன.

அலுமினியமும் காலியமும் குறித்த கேள்விக்கும் இங்கேயே விடை காணலாம். அலுமினியத்தின் ஆரம் 143, காலியத்தினுடையது 135 பிக்கோமீட்டர். ஸ்லேட்டர் கணக்கின்படி காலியத்தின் வெளிக்கூட்டு எலக்ட்ரான் உணரும் மின்சுமை 5.0, அலுமினியத்தில் அது 3.5 மட்டுமே. இடையில் ஸ்கேண்டியம் முதல் துத்தநாகம் வரை பத்துத் தனிமங்கள் கடந்துபோயிருக்கின்றன. அவற்றின் வழியாகச் சேர்ந்த பத்துப் புரோட்டான்களை, உடன் சேர்ந்த பத்து 3டி எலக்ட்ரான்கள் முழுமையாக மறைப்பதில்லை. தொலைவு கூடியிருக்க வேண்டிய இடத்தில் இழுப்பு மிகுந்து அணுவைச் சுருக்கிவிட்டது. முதல் அயனியாக்கும் ஆற்றலும் அலுமினியத்திற்கு மோலுக்கு 578 கிலோஜூல், காலியத்திற்கு 579 என ஏறத்தாழச் சமமாக நிற்கிறது. தொகுதியில் இறங்கும்போது இடையில் டி தொகுப்புத் தனிமங்கள் வருகின்றனவா என்று பார்க்கும் பழக்கம் இருந்தால், இது யாரும் சொல்லாமலே விளங்கும்.

அயனியாக்கும் ஆற்றலின் இரண்டு சறுக்கல்கள்

மூன்றாம் வரிசையின் முதல் அயனியாக்கும் ஆற்றல்களை மோலுக்குக் கிலோஜூலில் எழுதினால் சோடியம் 496, மக்னீசியம் 738, அலுமினியம் 578, சிலிக்கான் 786, பாஸ்பரஸ் 1012, சல்பர் 1000, குளோரின் 1251, ஆர்கான் 1521 என வரும். ஏற்றத்தின் நடுவே அலுமினியத்திலும் சல்பரிலும் எண் சறுக்குகிறது. இங்கே ஸ்லேட்டர் கணக்கு நமக்கு உதவாது. அது எஸ், பி ஆர்பிட்டால்களை ஒன்றாகவே பாவிப்பதால் அலுமினியத்திற்கு இழுப்பு கூடியதாகவே காட்டும். எனவே எலக்ட்ரான் எந்தத் துணைக்கூட்டிலிருந்து நீங்குகிறது என்பதையும் பார்க்க வேண்டும். மக்னீசியத்தில் நீங்குவது 3எஸ் எலக்ட்ரான். அது அணுக்கருவின் அருகே ஊடுருவிச் செல்லும் தன்மை உடையது. அலுமினியத்தில் நீங்குவது 3பி எலக்ட்ரான்; அது அவ்வளவு ஊடுருவுவதில்லை, 3எஸ் இணையும் அதை ஓரளவு மறைக்கிறது. ஆகவே அதை நீக்குவது எளிது.

சல்பரில் காரணம் வேறு. பாஸ்பரஸின் மூன்று 3பி எலக்ட்ரான்களும் தனித்தனி ஆர்பிட்டால்களில் இருக்கின்றன. சல்பரில் நான்காவது எலக்ட்ரான் ஏற்கெனவே ஒன்று இருக்கும் ஆர்பிட்டாலில் இணையாகச் சேர வேண்டியிருப்பதால், இரண்டுக்கும் இடையேயான விலக்கம் அதை வெளியேற்றத் துணைபுரிகிறது. ‘பாதி நிரம்பிய அமைப்பு நிலையானது’ என்ற சொற்றொடரைத் தேர்வுத்தாளில் எழுதுவதோடு நில்லாமல், இந்த விலக்கத்தையும் எழுதுவதே முழுமையான விடை என்பது என் கருத்து. இரண்டாம் வரிசையிலும் பெரிலியத்திலிருந்து போரானுக்கும், நைட்ரஜனிலிருந்து ஆக்சிஜனுக்கும் செல்லும்போது இதே இரு சறுக்கல்களைக் காணலாம்.

அடுத்தடுத்த அயனியாக்கும் ஆற்றல்களைக் கொடுத்துத் தனிமத்தின் தொகுதியைக் கேட்கும் வினாக்களில், எண்களின் அளவைவிட அவற்றுக்கிடையே எங்கே பெருந்தாவல் நிகழ்கிறது என்பதையே தேட வேண்டும். 578, 1817, 2745, 11577 என்ற நான்கு எண்கள் தரப்பட்டால், மூன்றாவதற்கும் நான்காவதற்கும் இடையே நான்கு மடங்குக்கு மேற்பட்ட தாவல் தெரிகிறது. மூன்று எலக்ட்ரான்கள் வெளிக்கூட்டைச் சேர்ந்தவை, நான்காவது உட்கூட்டைச் சேர்ந்தது என்பது உடனே புலப்படும். இத்தனிமம் 13ஆம் தொகுதியைச் சேர்ந்தது, அலுமினியம்.

ஆக்சைடுகளைக் கொண்டு சரிபார்த்தல்

எலக்ட்ரான் கவர்தன்மை என்பது பிணைப்பிலுள்ள எலக்ட்ரான் இணையை ஓர் அணு தன்பால் ஈர்க்கும் திறன். பாலிங் அளவீட்டில் புளூரின் 3.98, ஆக்சிஜன் 3.44, சீசியம் 0.79. நம் இரு கேள்விகளே இதற்கும் விடை தருவதால் இதில் நீண்டு நிற்கத் தேவையில்லை. இதன் பயன் வெளிப்படுவது சேர்மங்களில்தான், குறிப்பாக ஆக்சைடுகளில்.

மூன்றாம் வரிசைத் தனிமங்களின் மதிப்புகளை ஆக்சிஜனின் 3.44இலிருந்து கழித்துப் பார்க்கலாம். சோடியத்திற்கு வேறுபாடு 2.51, மக்னீசியத்திற்கு 2.13, அலுமினியத்திற்கு 1.83, சிலிக்கானுக்கு 1.54, பாஸ்பரஸுக்கு 1.25, சல்பருக்கு 0.86, குளோரினுக்கு 0.28. வேறுபாடு மிகுந்த முனையில் ஆக்சைடுகள் அயனித்தன்மையும் காரத்தன்மையும் கொண்டவை. சோடியம் ஆக்சைடு நீரில் கரைந்து எரிசோடாவை (சோடியம் ஹைட்ராக்சைடை) தருகிறது. வேறுபாடு குறைந்த முனையில் அவை அமிலத்தன்மை கொண்டவை. சல்பர் டிரையாக்சைடு நீருடன் சல்பியூரிக் அமிலத்தையும், குளோரினின் உயர் ஆக்சைடு பெர்குளோரிக் அமிலத்தையும் தருகின்றன. நடுவே நிற்கும் அலுமினியம் ஆக்சைடு ஈரியல்புடையது, அதாவது அமிலத்துடனும் காரத்துடனும் வினைபுரிவது. பாக்சைட் தாதுவைச் சூடான எரிசோடாக் கரைசலில் கரைக்கும்போது அலுமினியம் ஆக்சைடு கரைந்துவிடுவதும், உடன் இருக்கும் இரும்பு ஆக்சைடு கரையாமல் சிவப்புச் சேறாகத் தங்கிவிடுவதும் இந்த இயல்பால்தான். உலகின் அலுமினியத் தொழில் பெரும்பாலும் இந்த ஈரியல்பின் மீதே நிற்கிறது.

அணுவின் பண்பா, பொருளின் பண்பா?

ஒரு பண்பு தனி அணுவுக்கு உரியதா, அணுக்கள் சேர்ந்த பொருளுக்கு உரியதா என்று கேட்காமல் போக்கைப் பயன்படுத்துவது, என் பார்வையில், மிகவும் பரவலான தவறு. உருகுநிலையை எடுத்துக்கொள்வோம். மூன்றாம் வரிசையில் சோடியம் 98 டிகிரி செல்சியஸ், மக்னீசியம் 650, அலுமினியம் 660, சிலிக்கான் 1414, வெண்பாஸ்பரஸ் 44, சல்பர் 115, குளோரின் மைனஸ் 101, ஆர்கான் மைனஸ் 189. எந்த அம்பும் இதற்குப் பொருந்தாது. சிலிக்கான் வரை உலோகப் பிணைப்பும் மாபெரும் சகப்பிணைப்பு வலையும் உருகுநிலையை உயர்த்துகின்றன. அதன்பின் தனித்தனி மூலக்கூறுகள் வந்துவிடுவதால் அது சரிகிறது. பாஸ்பரஸைவிடச் சல்பர் உயர்ந்து நிற்பது, அதன் மூலக்கூறில் நான்குக்குப் பதில் எட்டு அணுக்கள் இருப்பதால்.

புளூரினும் குளோரினும் இதே பாடத்தை வேறு கோணத்தில் கற்பிக்கின்றன. எலக்ட்ரான் நாட்டம் (அணு ஓர் எலக்ட்ரானைப் பெறும்போது வெளிப்படும் ஆற்றல்) குளோரினுக்கு மோலுக்கு 349 கிலோஜூல், புளூரினுக்கு 328. புளூரின் அணு மிகச் சிறியதாகையால், புதிதாக வரும் எலக்ட்ரானை ஏற்கெனவே நெருக்கியடித்திருக்கும் எலக்ட்ரான்கள் விலக்குகின்றன. ஆயினும் ஆக்சிஜனேற்றியாக (பிற பொருள்களிடமிருந்து எலக்ட்ரானைப் பெறும் பொருளாக) செயல்படுவதில் புளூரின் வாயுவுக்கு ஈடில்லை. புளூரின் மூலக்கூறின் பிணைப்பை உடைக்க மோலுக்குச் சுமார் 158 கிலோஜூல் போதும். குளோரினுக்கு 242 தேவை. மேலும் சிறிய புளூரைடு அயனி நீரேற்றம் அடையும்போது மிகுந்த ஆற்றல் வெளிப்படுகிறது. அணுவைப் பற்றிய எண் ஒன்றைச் சொல்ல, பொருளைப் பற்றிய உண்மை வேறொன்றாக இருப்பதில் முரண் எதுவும் இல்லை.

அண்டைத் தனிமங்களைக் கொண்டு கணித்தல்

தெரியாத மதிப்பை அறிய, தனிம வரிசை அட்டவணையை வகுத்த ரஷ்ய வேதியியலாளர் மெண்டலீவ் கையாண்ட முறை இன்றும் பயன்படும்: நான்கு அண்டைத் தனிமங்களின் மதிப்புகளைக் கூட்டிச் சராசரி காண்பது. ஜெர்மானியத்தின் அடர்த்தியை நாம் அறியோம் என்று கொள்வோம். மேலே சிலிக்கான் 2.33, கீழே வெள்ளீயம் 7.29, இடப்புறம் காலியம் 5.91, வலப்புறம் ஆர்சனிக் 5.73 கிராம்/கன சென்டிமீட்டர். கூட்டினால் 21.26, நான்கால் வகுத்தால் 5.32. ஜெர்மானியத்தின் அளவிடப்பட்ட அடர்த்தியும் 5.32தான். இவ்வளவு துல்லியமாக எப்போதும் அமையாது. இருப்பினும் சேர்மங்களுக்கும் முயன்று பார்க்கலாம்: சிலிக்கான் டெட்ராகுளோரைடின் கொதிநிலை ஏறத்தாழ 58 டிகிரி, வெள்ளீயத்தின் டெட்ராகுளோரைடுக்கு 114, சராசரி 86. ஜெர்மானியம் டெட்ராகுளோரைடு கொதிப்பது 86.5 டிகிரியில்.

ஜெர்மானியத்தை 1886இல் கிளெமென்ஸ் விங்க்ளர் கண்டறிவதற்கு ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பே, அதன் அணு எடை 72, அடர்த்தி 5.5 என மெண்டலீவ் முன்னுரைத்திருந்தார். காலியத்தின் கதை இதைவிட வியப்பூட்டுவது. லெக்காக் தெ புவாபோதிரான் 1875இல் அதைக் கண்டறிந்து அடர்த்தி 4.7 என அறிவித்தபோது, அத்தனிமத்தைக் கண்ணால் கூடக் காணாத மெண்டலீவ், அது 5.9 அளவில் இருக்க வேண்டும் என்று தெரிவித்தார்; நன்கு தூய்மைப்படுத்தி மறுபடி அளந்தபோது 5.9 என்றே வந்தது. அட்டவணையை நம்பி அளவீட்டை மறுபரிசீலனை செய்யும் துணிவு அறிவியலில் அரிதாகவே பலிக்கும். அது அன்று பலித்தது.

சராசரி முறை ஏமாற்றும் இடங்களையும் அறிந்திருக்க வேண்டும். முதலாவது, இரண்டாம் வரிசைத் தனிமங்கள். லித்தியம் பல வகையில் சோடியத்தைவிட, மூலைவிட்டத்தில் உள்ள மக்னீசியத்தையே ஒத்திருக்கிறது. இரண்டின் அயனி ஆரங்கள் 76, 72 பிக்கோமீட்டர் என நெருங்கியிருப்பது அதற்கு முதன்மைக் காரணம். இரண்டும் காற்றில் எரியும்போது சாதாரண ஆக்சைடையும் நைட்ரைடையும் தருகின்றன. சோடியம் பெரும்பாலும் பெராக்சைடைத் தருகிறது.

இரண்டாவது இடம் லாந்தனாய்டுகளுக்கு (4எஃப் ஆர்பிட்டால்கள் நிரம்பும் தனிமங்களுக்கு) பின்னால். சிர்கோனியத்தின் ஆரம் 160 பிக்கோமீட்டர். அதன் கீழே ஒரு கூடு மிகுதியாகக் கொண்ட ஹாஃப்னியத்தின் ஆரம் 159. இடையே சேர்ந்த பதினான்கு 4எஃப் எலக்ட்ரான்கள் அணுக்கருவை மிக மோசமாக மறைப்பதால் விளைந்த லாந்தனாய்டு குறுக்கம் இது. ஆரமும் இணைதிறனும் ஒன்றாகிவிட்டதால் வேதிப்பண்பும் ஒன்றாகிவிட்டது. சிர்கோனியம் 1789இல் இனங்காணப்பட்ட பிறகு 134 ஆண்டுகள் ஹாஃப்னியம் அதனுள்ளேயே மறைந்து கிடந்தது. 1923இல் கோபன்ஹேகனில் காஸ்டரும் ஹெவசியும் எக்ஸ் கதிர் நிறமாலையின் உதவியால்தான் அதைப் பிடித்தனர். கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியின் கடற்கரை மணலில் கிடைக்கும் சிர்கான் கனிமத்திலும் ஹாஃப்னியம் சிறிதளவு கலந்தே இருக்கும். அணு உலையின் எரிபொருள் குழல்களுக்குச் சிர்கோனியம் தேவைப்படுவது அது நியூட்ரான்களை மிகக் குறைவாக உறிஞ்சுவதால். ஹாஃப்னியமோ அதைவிட 500 மடங்குக்கும் அதிகமாக உறிஞ்சக்கூடியது. எனவே தூத்துக்குடியை அடுத்த பழையகாயலில் உள்ள சிர்கோனியம் வளாகம் போன்ற ஆலைகளில், வேதியியலில் இரட்டைப்பிள்ளைகளான இவ்விரண்டையும் கரைப்பான் பிரித்தெடுப்பு முறையில் பல கட்டங்களாகப் பிரிக்கும் உழைப்பு தவிர்க்க இயலாததாகிறது. வேதிப்பண்பில் வேறுபாடு இல்லாவிடினும் அடர்த்தி அவ்வாறில்லை: சிர்கோனியம் 6.5, ஹாஃப்னியம் 13.3.

மூன்றாவது இடம் ஆறாம் வரிசையின் பி தொகுப்பு. கார்பன் தொகுதியில் ஜெர்மானியத்தின் முதல் அயனியாக்கும் ஆற்றல் 762, வெள்ளீயத்தினுடையது 709. கீழே இறங்கியும் காரீயத்தில் அது 716 ஆக ஏறுகிறது. 4எஃப், 5டி எலக்ட்ரான்களின் மறைப்புக் குறைவும், கனமான அணுக்கருவின் அருகே எலக்ட்ரான்கள் மிக விரைவாக இயங்குவதால் நேரும் சார்பியல் சுருக்கமும் சேர்ந்து 6எஸ் இணையை உள்ளே இறுக்கிப் பிடிக்கின்றன. மந்த இணை விளைவு எனப்படும் இதனால், தொகுதி எண்ணிலிருந்து நாம் எதிர்பார்க்கும் +4ஐவிடக் காரீயத்திற்கு +2 நிலையே உகந்ததாகிறது. தாலியம் +3ஐவிட +1ஐ விரும்புவதும் இதே காரணத்தால். உயர் நிலையில் இருக்கும் காரீயம் எலக்ட்ரான்களைப் பெற்றுக் கீழிறங்க முனைவதால், காரீய டைஆக்சைடு வலிமையான ஆக்சிஜனேற்றியாகிறது. வாகன பேட்டரியின் நேர்முனையில் அது செய்யும் வேலை அதுவே.

இப்போது பிஸ்மத்தை வாசகர் தாமே கணிக்கலாம். தொகுதி 15, ஆறாம் வரிசை, 6எஸ்² 6பி³. மூன்று 6பி எலக்ட்ரான்கள் எளிதில் நீங்கும், 6எஸ் இணை நீங்கத் தயங்கும்; ஆகவே நிலையான நிலை +3 ஆகவும், +5 நிலையில் உள்ள சேர்மம் வலிமையான ஆக்சிஜனேற்றியாகவும் இருக்க வேண்டும். ஆய்வகத்தில் மாங்கனீசு உப்பின் அமிலக் கரைசலில் சோடியம் பிஸ்மத்தேட்டைச் சேர்த்தால், ஏறத்தாழ நிறமற்றிருந்த கரைசல் பெர்மாங்கனேட்டின் ஊதா நிறத்தை அடைகிறது. பெர்மாங்கனேட்டையே உருவாக்கும் அளவுக்கு வலிமை வாய்ந்த ஆக்சிஜனேற்றிகள் மிகச் சிலவே; பிஸ்மத் +5 அவற்றுள் ஒன்று.